.30-30 நினைவுத் தோட்டாப் பெட்டிகள்: சேர்க்கத் தொடங்குபவருக்கு

அமெரிக்காவின் சிறு நகரங்களில் வார இறுதியில் கன் ஷோ நடக்கும். பழைய துப்பாக்கிகள், தோல் உறைகள், கத்திகள் எல்லாம் மேசை மேசையாகப் பரப்பி விற்கிற சந்தை அது. அந்த மேசைகளின் ஓரத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே குதிரைக்காரன் படம், ஒரு நூற்றாண்டு விழாவின் பெயர், உள்ளே இருபது தோட்டாக்கள். சுடுவதற்கு வாங்குபவர்கள் அவற்றைக் கடந்து போய்விடுவார்கள். பெட்டிக்காகவே வருகிற கூட்டம் வேறு. நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இதில் புதிதாகக் கால் வைப்பவர் என்ன வரிசையில் போனால் பணமும் மனமும் வீணாகாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்கொள்வது ஒரே குடும்பம்: அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த மாடல் 94 ரைபிளும் அதன் .30-30 தோட்டாவும், அதன் உறவினர்களான .38-55, .32-40 தோட்டாக்களும். விழாக்களையும் மனிதர்களையும் கொண்டாட வந்த நினைவு வெளியீடுகள் அதிகமாகக் குவிந்தது இந்த வீட்டில்தான்.

முதலில் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

மாடல் 94-ஐ வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரரான ஜான் மோசஸ் பிரௌனிங். 1894-ல் வந்தபோது அது சுட்டது .32-40, .38-55 என்ற இரண்டு கரிமருந்துத் தோட்டாக்களை. கரிமருந்து என்பது புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து. அடுத்த ஆண்டே, 1895-ல், நிக்கல் எஃகுக் குழலோடு .30 டபிள்யூ.சி.எஃப். வந்தது. வின்செஸ்டர் சென்டர் ஃபயர் என்பதன் சுருக்கம் அது. புகையில்லா மருந்துக்கென்றே உருவாகி அமெரிக்க வேட்டைக்காரர் கைக்கு வந்த முதல் சிறுவிட்டத் தோட்டா என்ற பெருமை அதற்குத்தான்.

பிறகு ஏன் .30-30 ஆனது? போட்டி நிறுவனங்களுக்குத் தங்கள் துப்பாக்கியின் மேல் வின்செஸ்டர் பெயரைப் பொறிக்க மனமில்லை. அதனால் குழல் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது, மருந்து முப்பது கிரெய்ன் என்று எண்ணை மட்டும் எழுதினார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. முப்பது கிரெய்ன் என்பது இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

பழைய பெட்டியில் ".30 டபிள்யூ.சி.எஃப்." என்றும் புதியதில் ".30-30" என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஆனால் .32 வின்செஸ்டர் ஸ்பெஷல் வேறு. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். விற்பவரே மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுப்பொருள். அதில் நான்கு பகுதிகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. கூட்டின் அடிவட்டத்தில் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்தை அடிமுத்திரை என்கிறேன். நாணயம் சேர்ப்பவருக்கு வார்ப்புச்சாலைக் குறி எப்படியோ, நமக்கு அடிமுத்திரை அப்படி.

சட்டத்தைப் பாருங்கள், பணப்பையை அப்புறம் எடுங்கள்

பெரும்பாலான ஆங்கில வழிகாட்டிகள் அமெரிக்கக் குடிமகனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்மவர்களில் பலர் அங்கே எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருக்கிறோம். அவர்களுக்கு நிலைமை வேறு.

குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு, ஆனால் சாதாரண மனிதருக்குப் பொருந்துவது பெரும்பாலும் இதுதான். கிரீன் கார்டு உள்ளவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அந்தச் சட்டத்தின் வரையறைப்படி வெறும் கூடு, ப்ரைமர், குண்டு, மருந்து ஒவ்வொன்றும் தனியாகவே தோட்டா என்ற சொல்லுக்குள் அடங்கும். "மருந்து இல்லை, வெறும் பித்தளைதானே" என்ற சமாதானம் செல்லாது. சந்தேகம் இருந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஓர் அட்டைப் பெட்டிக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

உரிமம் பெற்ற கடைக்காரர் ரைபிள் தோட்டாவைப் பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. அதற்கு மேல் மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனி விதிகள் வைத்திருக்கின்றன, அவை நீதிமன்றத் தீர்ப்புகளால் மாறிக்கொண்டும் இருக்கின்றன. வாங்கும் வாரத்தில் பார்ப்பதுதான் சரி. அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவை ஏற்காது. தனியார் கூரியரில்தான் வரும், அதற்கும் அவரவர் நிபந்தனைகள் உண்டு.

இந்தியாவுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் அடங்கும். பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலும் சட்டம் கடுமையானது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டாம். காலிப் பெட்டி வெறும் அட்டைதான். இந்த உலகத்தில் பெட்டியை மட்டும் சேர்ப்பவர்கள் ஏராளம், அவர்களை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. ஓவியம், எழுத்துரு, கால வரலாறு எல்லாம் அட்டையில்தான் இருக்கிறது. விசாவில் இருப்பவருக்கும் ஊரில் இருப்பவருக்கும் நான் சொல்வது ஒன்றே: பெட்டியிலிருந்து தொடங்குங்கள், பலருக்கு அதுவே போதும்.

எந்த வெளியீடு, எந்தத் தோட்டா

நினைவு ரைபிள் என்ற வழக்கம் வின்செஸ்டரில் 1964-ல் வயோமிங் மாநில வைர விழாவுக்கான மாடல் 94-இல் தொடங்கியது. 1966-ல் நிறுவனத்துக்கே நூறு வயது. அதற்காக வந்த சென்டினியல் 66 ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வெற்றியைப் பார்த்ததும் ஆண்டுக்கு ஆண்டு வரிசையாக வரத் தொடங்கின: 1968-ல் வைல்ட் வெஸ்ட் காட்சிகள் நடத்திய பஃபலோ பில், 1969-ல் அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், அதே ஆண்டில் கோல்டன் ஸ்பைக். கண்டத்தின் இரு பக்கத்திலிருந்தும் வந்த ரயில் பாதைகள் 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமான்டரியில் இணைந்ததன் நூற்றாண்டுக்காக வந்தது அது. இவை எல்லாம் .30-30.

ரைபிளோடு சேர்த்து அதே அலங்காரத்தில் தோட்டாப் பெட்டியும் சில வெளியீடுகளுக்கு வந்தது. இதில் புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். ஒவ்வொரு நினைவு ரைபிளுக்கும் ஒரு பெட்டி இருந்தே தீரும் என்று நினைத்துத் தேடிக் களைப்பார்கள். அப்படி இல்லை. சென்டினியல் 66-க்கு .30-30 பெட்டி உண்டு. அதிலிருந்து தொடங்குவது நல்லது, கிடைப்பதும் எளிது.

அடுத்து வருகிற கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1979-ல் லெஜண்டரி ஃபிரண்டியர்ஸ்மேன், 1980-ல் நிறுவனரின் பெயரில் ஆலிவர் வின்செஸ்டர், 1983-ல் லகோட்டா பழங்குடித் தலைவரின் பெயரில் சீஃப் கிரேஸி ஹார்ஸ் ஆகிய ரைபிள்களை .38-55-இல் கொண்டுவந்தார்கள். 1981-ல் ஹாலிவுட் கௌபாய் நடிகர் ஜான் வெயினின் நினைவு ரைபிள், பெரிய வளைய லீவரோடு (அடுத்த தோட்டாவை ஏற்ற இயக்கும் கைப்பிடி), .32-40-இல் வந்தது. 1894-ல் மாடல் 94 பிறந்தபோது சுட்ட அதே இரண்டு தோட்டாக்கள்தான் இவை. நடுவில் வழக்கொழிந்து போயிருந்தன. நினைவு ரைபிளுக்குத் தோட்டா வேண்டுமே என்று தொழிற்சாலை அவற்றை மறுபடியும் செய்தது. தாத்தாவின் பழைய .38-55 துப்பாக்கியைப் பரணில் வைத்திருந்த வேட்டைக்காரர்கள் இந்த அலங்காரப் பெட்டிகளை வாங்கி, படத்தைப் பார்க்காமல் பிரித்து, காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விழாப் பெட்டியால் ஒரு பழைய துப்பாக்கிக்கு மறுபடி வேலை கிடைத்தது. அதனாலேயே இந்த வரிசையில் முழுப் பெட்டியோடு பாதிப் பெட்டிகளும், வெறும் கூடு நிரம்பிய பெட்டிகளும் நிறையப் புழங்குகின்றன. விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

எனவே ஒரு வரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள். .30-30 மட்டும், அல்லது .38-55 மட்டும், அல்லது ஒரே பத்தாண்டு. எல்லாவற்றையும் தொட்டவர் இரண்டு வருடத்தில் சலித்துப்போய் மொத்தமாக விற்றுவிடுவார்.

அரிது என்ற சொல்லை நம்பாதீர்கள்

நினைவுப் பொருள் என்று அச்சிட்டு விற்றதை வாங்கியவர் என்ன செய்வார்? பத்திரமாக எடுத்து வைப்பார். எல்லோரும் எடுத்து வைத்ததால் அது இன்றும் நிறைய இருக்கிறது. ஒரு லட்சம் ரைபிள் விற்ற விழாவின் பெட்டி எப்படி அரிதாகும்? மாறாக, 1940-களில் மளிகைக் கடையிலும் இரும்புக் கடையிலும் விற்ற சாதாரண வின்செஸ்டர் பெட்டி, கரடிப் படம் போட்டது, சுட்டு முடித்ததும் குப்பைக்குப் போனது. அதில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். பாதுகாக்கச் சொல்லி விற்ற பொருளுக்கு இல்லாத மதிப்பு, தூக்கி எறிந்த பொருளுக்கு வந்துவிட்டது.

ஆகவே முதலீடு என்று நினைத்து நினைவுப் பெட்டி வாங்காதீர்கள். படம் பிடித்திருக்கிறதா, அந்த நிகழ்ச்சியைப் பற்றி மேலும் படிக்கத் தோன்றுகிறதா, அதற்காக வாங்குங்கள். விலை தெரிய வேண்டுமானால் ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். இரண்டு மூன்று மாதம் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாலே கண் பழகிவிடும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். மூடி ஒட்டியபடியே, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் பிரிக்கச் சொல்ல வேண்டாம். அதன் மதிப்பே அந்த ஒட்டில் இருக்கிறது. பெட்டிக்குள் பார்ப்பது பற்றி இனிச் சொல்லப்போவதெல்லாம் ஏற்கெனவே திறந்ததாக இருந்தால்தான்.

பெட்டியின் ஆறு பக்கமும் பாருங்கள். மூலை தேய்ந்திருக்கிறதா, மடிப்பில் வெள்ளை கண்டிருக்கிறதா, மூடியின் நாக்கு கிழிந்திருக்கிறதா, வெயிலில் ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருக்கிறதா? கடைக்காரர் அந்தக் காலத்தில் ஒட்டிய விலைச்சீட்டு இருந்தால் உரிக்காதீர்கள். எடுத்தால் அட்டையின் தோலும் சேர்ந்து வரும். அந்தச் சீட்டும் வரலாறுதான், இருக்கட்டும். மூடியின் உள்பக்கம் தொகுதி எண் முத்திரை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் குண்டு எடையையும் பாருங்கள். .30-30-இல் வழக்கமாக 150 கிரெய்ன் அல்லது 170 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9.7 கிராம் அல்லது 11 கிராம்.

அப்புறம் தோட்டாக்கள். இருபது இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் திருப்பி அடிமுத்திரை படியுங்கள். இருபதும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் பெட்டியில் மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் கீழே எட்டுத் தோட்டாக்கள் வேறு நிறுவனத்தின் அடிமுத்திரையோடு இருந்தன. அட்டை உண்மையானது, உள்ளே கலவை. பெட்டியைத் தேடி வாங்குகிறவர் அவசரத்தில் அடியைப் பார்க்க மாட்டார் என்பது சிலருக்குத் தெரியும்.

ப்ரைமரின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா? கூட்டின் மேல் நெடுக்காகக் கீறல் இருந்தால், சுட்ட கூட்டை மறுபடி நிரப்பியதாக இருக்கலாம். அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

குண்டின் நுனியையும் கவனியுங்கள். மாடல் 94-இல் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் சுடும் உதைப்பில் அது ப்ரைமரைக் குத்திவிடும் ஆபத்து உண்டு. அதனால் .30-30 குண்டுகள் தட்டை மூக்கு அல்லது மொட்டை மூக்கு. 2000-களில் ஹார்னடி நிறுவனம் ரப்பர் போல வளையும் நுனியோடு கூர்குண்டு கொண்டுவந்த பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. ஆக, 1966 பெட்டிக்குள் கூர்மூக்குத் தோட்டா கிடந்தால் அது அந்தப் பெட்டியின் பிள்ளை அல்ல.

சுடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நல்ல நிலையில் இருக்கும் நினைவுத் தோட்டாவைச் சுட முடியும், அது பொம்மை அல்ல. ஆனால் ஒன்றைச் சுட்டாலும் முழுப் பெட்டி என்ற மதிப்பு போய்விடும். .30-30 இன்றும் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற தோட்டா. சுட அதை வாங்குங்கள். பச்சை பூத்தது, நசுங்கியது, எங்கே கிடந்தது என்று தெரியாதது, இவற்றைச் சுடவே கூடாது. துப்பாக்கிக் குழலின் மேல் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒரே தோட்டாவைக் குறிக்க வேண்டும்; முன்பு சொன்னபடி .30 டபிள்யூ.சி.எஃப்., .30-30 இரண்டும் ஒன்றே. பெயர் தெரியாவிட்டால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் எதையும் போடாதீர்கள்.

வீட்டில் வைப்பது

இதில்தான் நல்ல சேகரிப்புகள் பாழாகின்றன. பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரைப்படைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் லாயத்தில் வைத்தபோது கூடுகள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டில் லாயம் இல்லை. ஆனால் கண்ணாடி துடைக்கும் திரவத்திலும் சில பித்தளைப் பாலிஷிலும் அதே அம்மோனியா இருக்கிறது. எனவே தோட்டாவைப் பாலிஷ் போடாதீர்கள். காலத்தால் ஏறிய மங்கல் பழுப்பு அழகுதான், அதைத் தேய்த்தெடுத்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார்.

ஈயம் வெளியே தெரியும் குண்டுகளை ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கச் செய்யும். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரல் வியர்வை பித்தளையில் ரேகையாகப் பதியும், அதனால் பருத்திக் கையுறை நல்லது. நெடி வீசும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் பெட்டியைச் சுற்ற வேண்டாம், அச்சுமை அதில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகிதம் போதும். ரப்பர் பேண்டும் செலோடேப்பும் அட்டையின் எதிரிகள்.

மொட்டைமாடி அறை, கராஜ், கார் டிக்கி மூன்றும் வேண்டாம். வெப்பம் ஏறி இறங்காத, உலர்ந்த, பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டு கட்டாயம், சாவி உங்களிடம் மட்டும்.

படிக்கவும் கேட்கவும்

வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங்கின் கோடி நகரில், பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் வளாகத்தில் உள்ள கோடி ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம். அங்கே சுவரில் வரிசையாக நிற்கும் ரைபிள்களைப் பார்த்த பிறகு பெட்டியின் படம் வேறு மாதிரி பேசும். தோட்டாவைப் பற்றியே ஆராய்வதற்கு இன்டர்நேஷனல் அம்யூனிஷன் அசோசியேஷன் இருக்கிறது. அடிமுத்திரைக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற மனிதர்கள் அங்கே கிடைப்பார்கள். கேட்கும்போது மூன்று படம் அனுப்புங்கள்: பெட்டியின் மேல்புறம், மூடியின் உள்புறம், அடிமுத்திரை. அந்த மூன்று இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம்: வெளியீட்டின் பெயர், தோட்டா, குண்டு எடை, அடிமுத்திரை, தொகுதி எண், வாங்கிய இடம், நாள், விலை, எத்தனை தோட்டா, என்ன குறை. விற்றவர் சொன்ன கதை இருந்தால் அதையும், "விற்றவர் சொன்னது" என்று தனியாகக் குறித்து எழுதுங்கள். உண்மையான தோட்டா உள்ள பெட்டி எது, காலிப் பெட்டி எது என்பதை முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அலமாரியைத் திறப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும்.